அமெரிக்க ஹைஸ்கூலில் இலவச மதிய உணவு: யாருக்குக் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது?

ஆகஸ்ட் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் பெற்றோருக்கு மின்னஞ்சல்கள் குவியும். பஸ் நேரம், லாக்கர் எண், விளையாட்டுக்கான மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். அவற்றுக்கு நடுவே உணவுச் சலுகை விண்ணப்பம் என்று ஒன்று வரும். அதை மட்டும் திறக்காமலே தள்ளிவிடுவோம். ‘அது நமக்கில்லை’ என்ற முடிவைக் கணக்குப் பார்த்து எடுத்தவர்கள் மிகச் சிலர்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். அங்கே ஒரு மணி நேரம் இருந்தால் போதும், அமெரிக்கத் தமிழர் என்றாலே இரட்டைச் சம்பள மென்பொருள் வீடு என்ற படம் கலைந்துவிடும். கோவில் குருக்கள், உணவகச் சமையல்காரர், பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவர், பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒப்பந்த ஊதியத்தில் இருப்பவர், தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா, போன மாதம் வேலை போனவர் என்று பலரும் வருகிறார்கள்.

இவர்களில் பாதிப் பேர் ஊரில் சத்துணவுத் தட்டேந்தி வளர்ந்தவர்கள். காமராஜர் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த அந்தத் திட்டத்தில், வரிசையில் நின்ற பிள்ளையிடம் யாரும் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் கேட்கிறார்கள். அதிபர் ட்ரூமன் 1946 ஜூன் 4 அன்று கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் கீழ் இன்று நடக்கும் திட்டத்தில் சாப்பாடு எல்லோருக்கும் உண்டு. விலைதான் வீட்டு வருமானத்தைப் பார்த்து இலவசம், சலுகை விலை, முழு விலை என்று மூன்றாகப் பிரிகிறது. நமக்குக் கூச்சம் தொடங்கும் இடமும் இதுதான்.

தகுதி விதிகள் மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை ஒன்றே. ஆனாலும் ஹைஸ்கூல் (9 முதல் 12-ஆம் வகுப்பு வரை) பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சிறு வகுப்பில் அம்மா படிவம் நிரப்பினால் பிள்ளை சாப்பிட்டுவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ‘வேண்டாம் அப்பா, விடுங்கள்’ என்கிறது. அந்த வயதில்தான் இந்த ஒரு தாளோடு தேர்வுக் கட்டணமும் கல்லூரி விண்ணப்பக் கட்டணமும் சேர்ந்து தொங்குகின்றன.

முதல் படி: விண்ணப்பமே தேவையா என்று பாருங்கள்

சில மாநிலங்களில் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் இலவசம். கலிஃபோர்னியாவும் மேயினும் 2022-23 கல்வியாண்டில் தொடங்கின. கொலராடோ, மின்னசோட்டா, மிச்சிகன், மாசசூசெட்ஸ், நியூ மெக்சிகோ, வெர்மான்ட் ஆகியவை மறு ஆண்டில் சேர்ந்தன. நியூயார்க் 2025-26-இல் வந்தது. இந்த மாநிலங்களில் இருப்பவர்கள் சாப்பாட்டுக்காக எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

மற்ற மாநிலங்களிலும் சில பள்ளிகளில் இப்படி உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகள் தனித்தனி விண்ணப்பம் வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் பரிமாற வழி செய்தது. அரசு உதவிப் பட்டியல்கள் மூலம் நேரடியாகத் தகுதி உறுதியான மாணவர்கள் 40 சதவீதம் இருந்தால்தான் இதில் சேர முடியும் என்பது பழைய விதி. 2023 இலையுதிர் காலத்தில் அதை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். தகுதி இருந்தாலும் சேர்வதா வேண்டாமா என்பது பள்ளி நிர்வாகத்தின் விருப்பம். ஆகவே பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்லோருக்கும் இலவசம், உங்கள் பள்ளியில் இல்லை என்பது நடக்கக்கூடியதே. பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமான பள்ளிகளும் ‘குடும்ப வருமானத் தாள்’ என்று ஒன்றை அனுப்பும். சாப்பாடுதான் கிடைக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்கு வரும் நிதி அந்தத் தாளைப் பொறுத்தது. எல்லோரோடும் சேர்ந்து இலவசமாகச் சாப்பிடுவது உங்கள் வீட்டு வருமானத்துக்குச் சான்று ஆகாது, பின்னால் எஸ்.ஏ.டி. எனும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கட்டண விலக்கு கேட்கும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: வருமானம் காட்டாமலே தகுதி உண்டா?

வீட்டில் யாராவது ஒருவருக்கு ஸ்நாப் எனும் உணவு உதவி அட்டை இருந்தால், அந்த வீட்டில் உள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். ‘ஒருவருக்கு’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோரும் மூத்த பிள்ளையும் விசாவில் இருப்பார்கள். அமெரிக்காவில் பிறந்த கடைக்குட்டியின் பெயரில் மட்டும் ஸ்நாப் வரும். அந்த உதவிக் கோப்பின் எண் (படிவத்தில் ‘வழக்கு எண்’) ஒன்றே பதினோராம் வகுப்பில் படிக்கும் அக்காவையும் உள்ளே கொண்டுவந்துவிடும். டானிஃப் எனும் பண உதவிக்கும் இதே விதி.

வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, வீடின்றித் தங்கியிருக்கும் பிள்ளை, பருவ வேளாண் வேலைக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளை ஆகியோருக்கும் வருமானக் கணக்கு இல்லை. ஆனால் இவர்களின் தகுதி அந்தப் பிள்ளையோடு நிற்கும். உடன் இருக்கும் மற்றவர்களுக்குப் பரவாது. ‘வீடின்றி’ என்பது தெருவில் படுத்திருப்பதை மட்டும் குறிப்பதன்று. வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டு நடுக்கூடத்தில் நான்கு பேராகத் தங்கியிருந்தாலும் சேரும். பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒவ்வொன்றிலும் இதற்கென ஓர் அலுவலர் உண்டு, அவரிடம் பேசுங்கள்.

ஸ்நாப் பட்டியலைப் பள்ளி மாவட்டமே மாநில அரசிடமிருந்து பெற்று ஒப்பிட்டுக்கொள்ளும். பல மாநிலங்களில் மெடிக்கெய்டு எனும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பட்டியலும் அப்படியே. அந்த ஒப்பீட்டில் பிள்ளையின் பெயர் சிக்கினால் ‘தகுதி உறுதியாகிவிட்டது’ என்று கடிதம் வரும், விண்ணப்பம் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால் நம் பெயர்களில். ஒரு பட்டியலில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் முதலெழுத்து மட்டும். கணினிக்கு இது மூன்று பிள்ளைகள். செப்டம்பர் நடுப்பகுதி வரை கடிதம் வரவில்லை என்றால் வழக்கு எண்ணை எழுதி விண்ணப்பத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வரம்பு எவ்வளவு?

கூட்டாட்சி அரசு ஆண்டுதோறும் வறுமை அளவு ஒன்றை அறிவிக்கிறது. குடும்ப வருமானம் அதன் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம். 130-க்கு மேல் 185 சதவீதம் வரை சலுகை விலை. வரம்புகள் ஜூலை 1-ஆம் தேதி தோறும் மாறும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான ஆண்டு வருமான வரம்புகள் இவை. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் இவற்றைவிடக் கூடுதல்.

இருவர்: இலவசம் 27,495 டாலர், சலுகை விலை 39,128 டாலர்.
மூவர்: 34,645 மற்றும் 49,303.
நால்வர்: 41,795 மற்றும் 59,478.
ஐவர்: 48,945 மற்றும் 69,653.

அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் இலவச வரம்பில் 7,150 டாலரும் சலுகை வரம்பில் 10,175 டாலரும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நால்வர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 59,500 டாலர் என்றதும் என் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் புருவம் உயரும். ‘அவ்வளவா?’ என்பார். அவ்வளவுதான். ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணியில் இருக்கும் ஒருவரின் ஒற்றைச் சம்பளம், வீட்டில் நான்கு பேர் என்றால், பல ஊர்களில் இதற்குள் அடங்கிவிடும்.

சலுகை விலை என்பது பாதி விலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதிய உணவுக்கு 40 சென்டுக்கு மேலும், காலை உணவுக்கு 30 சென்டுக்கு மேலும் வாங்கக் கூடாது என்பது விதி. பள்ளி நாள்கள் 180 என்றால் மதிய உணவுக்கு ஆண்டுக்கு 72 டாலர். முழு விலை மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் அதுவே 630 டாலர். சில மாநிலங்கள் அந்த 40 சென்டையும் தாங்களே கட்டிவிடுகின்றன. நியூ ஜெர்சி இன்னும் தாராளம்: அங்கே வறுமை அளவின் 224 சதவீதம் வரை வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம். அந்த மாநிலத்தின் எடிசன் நகரப் பக்கம் இருப்பவர்கள் மேலே உள்ள எண்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டாம். மாநில வரம்பைத் தனியாகப் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டில் எத்தனை பேர்?

நம்மவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். ஒரே வீட்டில் இருந்து வரவையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் ஒரு குடும்பம். ரத்த உறவு வேண்டியதில்லை. கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். வருமானம் இல்லாத பாட்டி உங்களோடு நிரந்தரமாக இருந்தால் அவரும் ஆள்தான்.

ஹைஸ்கூல் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரும்பாலும் கல்லூரிக்குப் போன மூத்தது ஒன்று இருக்கும். விடுதியில் தங்கிப் படித்தாலும், உங்கள் செலவில் இருக்கும்வரை அந்தப் பிள்ளை உங்கள் வீட்டுக் கணக்கில்தான் வரும். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கோவில் குருக்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 4,400 டாலர் சம்பளம்; மனைவிக்கு வேலை அனுமதி இல்லை; மகள் பத்தாம் வகுப்பு, மகன் கல்லூரி விடுதியில். ஆண்டு வருமானம் 52,800. மகனை விட்டுவிட்டு மூவர் என்று எழுதினால் வரம்பு 49,303, விண்ணப்பம் தள்ளுபடி. நால்வர் என்று எழுதினால் 59,478, சலுகை உண்டு. ஒரு பெயர் விடுபட்டதில் அந்தப் பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் முழு விலை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்களா? அவர்கள் இந்த வீட்டு ஆட்கள் ஆகமாட்டார்கள். அனுப்பும் பணத்தை வருமானத்திலிருந்து கழிக்கவும் முடியாது. கேட்பவர்கள் முகம் வாடத்தான் செய்கிறது. இதற்கு எதிர்ப்புறம், அப்பா நீண்ட காலமாகத் துபாயில் வேலை பார்க்கிறார், அம்மாவும் பிள்ளைகளும் இங்கே என்றால், அவர் ஆள் கணக்கில் வராமல் அவர் அனுப்பும் பணம் மட்டும் வருமானத்தில் சேரும்.

ஐந்தாம் படி: வருமானத்தைக் கூட்டுவது

எழுத வேண்டியது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம். வரி, காப்பீடு, ஓய்வுக்கால நிதி எல்லாம் போய் வங்கிக்கு வந்த தொகையை எழுதினால் அது தவறான தகவல். பின்னால் சரிபார்ப்பு வந்தால் சங்கடம்.

அடுத்து, சம்பளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்ற கட்டம். வாரந்தோறும் என்றால் 52-ஆல் பெருக்குவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26. மாதத்துக்கு இருமுறை என்றால் 24. கடைசி இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஒன்றல்ல. மூவர் குடும்பம், மாதம் இருமுறை 2,050 டாலர்: 24-ஆல் பெருக்கினால் 49,200, சலுகைக்குள் வருகிறது. அதே தொகையை வைத்துக்கொண்டு தவறுதலாக ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’ என்ற கட்டத்தில் குறியிட்டால் 53,300 ஆகிவிடும், சலுகை போய்விடும். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேதிகளைப் பாருங்கள். மாதந்தோறும் 15-ஆம் தேதியும் கடைசி நாளும் என்றால் மாதம் இருமுறை. ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை என்றால் 26.

எழுத வேண்டியது இப்போதைய வருமானம். போன ஆண்டு வரிக் கணக்கில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டு, ‘எங்களுக்குத் தகுதியில்லை’ என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எச்-1பி எனும் வேலை விசாவில் பார்த்த வேலை ஜனவரியில் போனால் பிப்ரவரியில் விண்ணப்பிக்கலாம். ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். ஆகஸ்ட் கெடு என்று எதுவும் கிடையாது. பருவகால வேலையில் இருப்பவர்கள் மட்டும் ஆண்டு முழுவதற்கும் மதிப்பிட்டு எழுதலாம்.

சொந்தத் தொழில் என்றால் செலவு போக நிகர வருமானம். வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா, அரிசி உளுந்துக்கான செலவைக் கழித்துவிட்டு எழுதலாம். தொழிலில் நஷ்டம் வந்தால் அங்கே பூஜ்யம் எழுத வேண்டும். அந்த நஷ்டத்தைக் கணவரின் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது.

குருக்கள் வீடுகளுக்கு என்றே இரண்டு வரி. கோவில் கொடுத்திருக்கும் குடியிருப்பு, பொருளாகத் தரப்படும் வசதி. அதன் வாடகை மதிப்பை வருமானமாக எழுத வேண்டியதில்லை. வீட்டு வாடகைக்கு என்று கையில் பணமாகக் கொடுத்தால் அது வருமானம். கிருகப்பிரவேசத்துக்கும் ஆயுஷ்ஹோமத்துக்கும் போய் வருவதில் தொடர்ந்து கிடைக்கும் தட்சிணையும் வருமானம்தான். எழுதிவிடுவது நல்லது.

பிள்ளையின் சம்பாத்தியமும் கேட்கப்படும். எப்போதாவது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கும் புல் வெட்டியதற்கும் வாங்கிய பத்து இருபது டாலரை விட்டுவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் வாரந்தோறும் சனி ஞாயிறு மளிகைக் கடையில் வேலை பார்த்து முறையாகச் சம்பளம் வாங்கினால் அது கணக்கில் வரும்.

கணக்கில் வராதவை: வங்கிச் சேமிப்பின் அளவு, ஊரில் இருக்கும் நிலம், இங்கே வாங்கிய வீடு, கார், கடனாக வாங்கிய பணம், மூத்த பிள்ளையின் கல்லூரி உதவித்தொகை. சொத்து பற்றி இந்தப் படிவம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

ஆறாம் படி: படிவத்தை நிரப்புவது

ஒரே பள்ளி மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் வீட்டுக்கு ஒரே விண்ணப்பம். பெரும்பாலும் இணையத்தில் பதினைந்து நிமிட வேலை; காகிதத்தில் வேண்டுமென்றாலும் கேட்டால் தருவார்கள். பிள்ளைகளின் பெயர், அரசு உதவி இருந்தால் வழக்கு எண், இல்லாவிட்டால் எல்லோருடைய வருமானம், கடைசியில் ஒரு பெரியவரின் கையெழுத்து. வருமானம் இல்லாதவருக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 எழுதுங்கள். காலி இடத்தையும் வருமானம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், கையெழுத்திட்ட நீங்கள்தான் அதற்குப் பொறுப்பு. இனம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது உங்கள் விருப்பம்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்கும். பலர் இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். எச்-4, ஆர்-2 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படுபவை) இருக்கும் அம்மாக்கள் பலருக்கு அந்த எண்ணே இல்லை. அப்படியானால் ‘எண் இல்லை’ என்ற பெட்டியில் குறியிட்டால் போதும். விண்ணப்பம் முழுமையானதாகவே கருதப்படும்.

குடியுரிமையையோ விசாவையோ படிவம் கேட்பதில்லை. இலவசப் பொதுக் கல்விக்கு உரிய பிள்ளைக்குக் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பள்ளி உணவை மறுக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) விண்ணப்பத்தில் இது உறுத்துமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. விண்ணப்பிப்பவர் அரசு உதவியை நம்பி வாழ்பவராகிவிடுவாரா என்று பார்க்கும் ‘அரசுக்குச் சுமை’ என்ற சோதனைக்காக 1999-இல் வந்த வழிகாட்டுதல், 2019-இல் வந்த கடுமையான விதி, 2022-இல் அதற்கு மாற்றாக வந்த விதி மூன்றும் பள்ளி உணவைக் கணக்கில் சேர்க்கவில்லை. விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன என்பதால், பச்சை அட்டைக் கோப்பு நகர்ந்துகொண்டிருப்பவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடட்டும். வாட்ஸ்அப் குழுவில் மாமா சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஏழாம் படி: கொடுத்த பிறகு

பள்ளி வேலை நாள்கள் பத்துக்குள் பதில் வர வேண்டும். அதுவரை சாப்பிட்ட சாப்பாட்டுக்கு முழு விலைதான் கணக்கில் ஏறும். விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்தே சலுகையைக் கணக்கிடச் சில மாவட்டங்கள் ஒத்துக்கொள்ளும், கேட்டால்தான் செய்வார்கள். பழைய பாக்கி இருந்தால் சலுகை கிடைத்ததும் அது தானாக அழியாது. ஆகவே அந்தப் பத்து நாள்களுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒருமுறை தகுதி கிடைத்துவிட்டால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் நிற்கும். நடுவில் சம்பளம் உயர்ந்தால் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அக்டோபரில் சிலருக்கு ஒரு கடிதம் வரும்: வருமானத்துக்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று. பதற வேண்டாம். ஏற்கப்பட்ட விண்ணப்பங்களில் ஒரு சிறு பகுதியை, பெரும்பாலும் 3 சதவீதத்தை, நவம்பர் 15-க்குள் சரிபார்க்க வேண்டியது பள்ளி மாவட்டத்தின் கடமை. வரம்பை ஒட்டி, மாதம் 100 டாலருக்குள் நெருக்கமாக இருப்பவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். சம்பளச் சீட்டுகளை அனுப்பினால் முடிந்தது. அனுப்பாமல் விட்டால், தகுதி உண்மையிலேயே இருந்தாலும் சலுகை நின்றுவிடும். நிறுத்தப் போவதாகக் கடிதம் வந்து அது தவறு என்று நீங்கள் நினைத்தால், பத்து நாள்களுக்குள் மேல்முறையீடு கேளுங்கள். விசாரணை முடியும்வரை சலுகை தொடரும்.

எட்டாம் படி: உணவுக்கூட வரிசையில்

இதைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான், தங்கள் மாணவர் எண்ணை அழுத்தியோ அட்டையைக் காட்டியோ வெளியே வருகிறார்கள். யார் இலவசம், யார் காசு கட்டியவர் என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி தனி வரிசையோ தனி நிற டோக்கனோ வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதை நேரில் பார்த்துவிட்டு வந்தபின் மனம் மாறிய பிள்ளைகள் உண்டு.

கூச்சம் வேறொரு வழியில் வருகிறது. ஹைஸ்கூலில் முழுத் தட்டு வரிசை ஒரு பக்கம், தனித்தனியாகக் காசுக்கு விற்கும் பீட்சா, சிப்ஸ், பானம் இன்னொரு பக்கம். நண்பர்கள் எல்லோரும் இரண்டாவதில் நிற்பார்கள். சலுகை முதலாவதற்கு மட்டும்தான். இரண்டாவதில் வாங்கியது முழு விலையில் கணக்கில் ஏறும். இரண்டாவது தட்டு கேட்டாலும் அப்படியே. ‘இலவசம் என்றீர்களே, பாக்கி 46 டாலர் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறதே’ என்று பெற்றோர் என்னிடம் காட்டும் கணக்கெல்லாம் பெரும்பாலும் இப்படி ஏறியவைதான்.

மதிய உணவில் ஐந்து வகை இருக்கும்: புரத உணவு, தானியம், காய், பழம், பால். ஹைஸ்கூலில் ஐந்தையும் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். அதில் ஒன்று அரைக் கோப்பைப் பழமோ காயோ ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் அது ‘முழுச் சாப்பாடு’. இலவசமும் 40 சென்டும் அதற்குத்தான். பால் மட்டும் எடுத்தால் பாலுக்குக் காசு.

சைவப் பிள்ளைகளுக்கு இந்த விதி ஒரு வரம். இறைச்சியைத் தொடாமல் ரொட்டி அல்லது சோறு, காய், பழம் மூன்றை எடுத்தாலே சாப்பாடு கணக்கில் வந்துவிடும். பீன்ஸ், பாலாடைக்கட்டி, தயிர், டோஃபு, வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவை புரத உணவாகவே ஏற்கப்படுகின்றன. எந்த நாளில் எது என்று மாதப் பட்டியலை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டால் பசியோடு வீடு திரும்ப வேண்டியிராது. நம்பிக்கைக்காகச் சைவ உணவு தந்தே ஆக வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்லவில்லை; கேட்டால் பல பள்ளிகள் ஏற்பாடு செய்கின்றன. வேர்க்கடலை ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் என்றால் கதை வேறு. மருத்துவரின் சான்றைக் கொடுத்தால் மாற்று உணவு தருவது பள்ளியின் கடமை, கூடுதல் கட்டணம் இல்லாமல்.

காலை உணவை மறந்துவிடாதீர்கள். ஏழு மணிக்கே பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய உதவி. மதிய உணவுக்குக் கொடுத்த அதே விண்ணப்பம் அதற்கும் செல்லும்.

ஒன்பதாம் படி: சாப்பாட்டைத் தாண்டி

ஒப்புதல் கடிதத்தை நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். பதினோராம் வகுப்பில் கவுன்சலர் (மாணவர்க்கு வழிகாட்டும் பள்ளி அலுவலர்) அறைக்கு அதோடு போக வேண்டியிருக்கும்.

எஸ்.ஏ.டி. தேர்வைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இருமுறை கட்டணமின்றி எழுதலாம். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளை என்றால் குடியுரிமை இல்லாவிட்டாலும் உண்டு. அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வுக்கும் கட்டண விலக்கு இருக்கிறது. ஏ.பி. எனும் கல்லூரித் தரப் பாடங்களின் தேர்வுகளுக்குக் கட்டணக் குறைப்பு, நான்கைந்து ஏ.பி. எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது சின்னத் தொகை அன்று. காமன் ஆப் எனும் பொது இணைய விண்ணப்பம் வழியாகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டண விலக்குக்கான காரணங்களின் பட்டியலில் இந்த உணவுத் திட்டத் தகுதியும் இருக்கிறது. பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் மிச்சமாகும் பணம் பல நூறு டாலர்.

இவை தானாக வந்து சேரும் என்று இருந்துவிடக் கூடாது. உணவுத் தகுதி ரகசியத் தகவல். உணவுப் பிரிவுக்குத் தெரிந்தது கவுன்சலருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பல மாவட்டங்களில் அதைப் பகிர்ந்துகொள்ள உங்கள் ஒப்புதல் கேட்டு ஒரு தனித் தாள் இருக்கும். கையெழுத்திடுங்கள். ஏ.பி. பதிவு இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடுவதால், விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடைக்கு வேறொன்று உண்டு. 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கோடை விடுமுறைக்கு 120 டாலர் மளிகை அட்டையில் வருகிறது. எல்லா மாநிலங்களும் சேரவில்லை. டெக்சஸ் முதல் ஆண்டே ஒதுங்கிக்கொண்டது. பள்ளியில் வருமான விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக வந்துவிடும். எல்லோருக்கும் இலவசமான பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தனி விண்ணப்பம் தேவைப்படலாம்.

அடுத்த ஆண்டு

தகுதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. புதிய கல்வியாண்டு தொடங்கி முதல் 30 பள்ளி நாள்கள் வரை பழைய தகுதி ஓடும். அந்த முப்பது நாளும் பிள்ளை வழக்கம்போல் எண்ணை அழுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஆகஸ்ட் நடுவில் திறக்கும் பள்ளி என்றால் செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் முழு விலை ஏறத் தொடங்கும், அக்டோபர் நடுவில் பாக்கிக் குறுஞ்செய்தி வரும். புதிய விண்ணப்பம் பெரும்பாலும் ஜூலையிலேயே இணையத்தில் திறந்துவிடுகிறது. ஜூலை முதல் வாரத்துக்குக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். சம்பளச் சீட்டையும் அன்றைக்கே எடுத்து வைத்துவிடலாம்.